குறட்டிமலையில் விபத்தில்லாத நாட்கள்

மலை ஏற வருகிறவர்களில் பாதிப் பேர் தவறான செருப்பைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய புதுத் தோல் செருப்பு, கிணற்றடிக்குப் போட வேண்டிய ரப்பர் செருப்பு. சருகு மூடிய பாறையில் இரண்டும் ஒன்றுதான். வெறுங்காலே மேல் என்று பதினேழு வருஷமாகச் சொல்லி வருகிறேன். கேட்டவர்கள் குறைவு. முதலிலிருந்து சொல் என்று நீங்கள் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு முதல் என்பது செருப்புதான். நான் எழுதிய கையேட்டிலும் முதல் விதி அதுதான்.

என் பெயர் அழகுசுந்தரம். குறட்டிமலையில் வன இலாகா கார்டு. திருக்கோஷ்டியூரைத் தாண்டி வடக்கே போனால் வருகிற மலை அது. நீலகிரிக்காரன் பார்த்தால் கரடு என்பான். ஆனாலும் உச்சியில் வற்றாத சுனை ஒன்று உண்டு. அதன் கரையில் ஒரு வேல் நட்டிருக்கிறது. கல்யாணம் வைத்திருக்கும் வீட்டார் முதல் பத்திரிகையை அந்த வேலின் காலடியில் வைத்துவிட்டுத்தான் சொந்தபந்தத்துக்குக் கொடுப்பார்கள். அதனால் முகூர்த்த மாதங்களில் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் வழுக்கி விழுவார்கள், பீடி பிடித்துக் காட்டைக் கொளுத்துவார்கள், குரங்குக்குப் பழம் கொடுத்துக் கடி வாங்குவார்கள். இவற்றைத் தடுப்பதுதான் என் வேலை. இலாகா எனக்குச் சொன்ன வேலை மரத்தைக் காப்பது மட்டும். மனிதர்களைக் காப்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

அடிவாரத்தில் ஒரு கேட்டும் ஒரு மேசையும் போட்டேன். தீப்பெட்டிகளை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொள்வேன். எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று நோட்டில் எழுதுவேன். நாலு மணிக்குள் இரண்டும் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் தேடிப் போக வேண்டும். யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்த முறை என்று நெடுநாள் பெருமையாக இருந்தேன். ஆடு மேய்க்கிறவன் சாயங்காலம் செய்கிற காரியம்தான் அது என்று பிறகு தெரிந்தது.

1962 நவம்பரில் அந்த நோட்டு என்னைச் சந்தி சிரிக்க வைத்தது. காரைக்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. “எத்தனை பேர்?” என்றேன். “நாலு” என்றார்கள். எழுதினேன். சாயங்காலம் மூன்று பேர் இறங்கி, என்னைப் பார்க்காமலே காரில் ஏறிப் போய்விட்டார்கள். ஒரு ஆளைக் காணவில்லை. நான் அடிவார ஊரில் தப்பட்டை அடித்து ஆள் திரட்டினேன். நாற்பது பேர் சுனைக்குள் மூங்கிலை விட்டுத் துழாவினார்கள். மறுநாள் காரைக்குடிக்கு சைக்கிள் மிதித்துப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். நாலாவது ஆள் ஒரு கல்.

உங்களுக்கும் இந்த வழக்கம் தெரிந்திருக்கும். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. மூன்று என்று வாயால் சொல்லவும் கூடாது. வேறு ஆள் இல்லையென்றால் ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நாலு என்று சொல்லிக்கொள்வார்கள். நானும் இதே சீமையில் பிறந்தவன்தான். என் அக்காள் நிச்சயத்துக்கே ஒரு கூழாங்கல் வந்திருக்கிறது. ஆனால் நோட்டில் எழுத உட்கார்ந்ததும் அது மறந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குக் ‘கல்லு கார்டு’ என்று பெயர். டீக்கடையில் நுழைந்தால், “கார்டு வந்துட்டாரு, கல்லுக்கும் சேத்து ரெண்டு டீ போடு” என்பார்கள்.

நான் இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, நோட்டில் கோடு கிழித்து, ‘கல்’ என்று தனியாக ஒரு பத்தி போட்டேன். ஏறியவர், கல், இறங்கியவர், கல். சிரிக்காதீர்கள். உலகத்தில் எந்த வன இலாகாவிலும் கல்லுக்குப் பத்தி கிடையாது என்று ரேஞ்சர் சொன்னார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

இரண்டாவது, ஒரு மில் வாசலில் பார்த்திருந்த பலகையைப் போல இங்கும் ஒன்று செய்து மாட்டினேன். ‘விபத்தில்லாத நாட்கள்.’ அதன் கீழே சுண்ணாம்புக்கட்டியால் எண். 1962 டிசம்பர் மூன்றாம் தேதி ‘1’ என்று எழுதினேன். பிறகு தினம் காலையில் பழையதை அழித்துப் புதியதை எழுதுவது என் பூஜை. காய்ச்சல் வந்த நாட்களில்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து எழுதியிருக்கிறேன். என் மனைவி ஒருமுறை கேட்டாள்: “புள்ளைக்கு எத்தனை வயசுன்னு கேட்டா முழிக்கிறீக. பலகையில எத்தனைன்னா தூக்கத்துலயும் சொல்றீக.” உண்மைதான். பையனுக்கு அப்போது ஆறோ ஏழோ.

கையேடு 1966இல் வந்தது. பதினாறு விதிகள். காரைக்குடியில் அச்சகம் வைத்திருந்த சாதிக் அலி புரூப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏங்க கார்டு, இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆளு மலையேறி எறங்கிருவாரே.” நான் அதற்காகவே கேட்டில் நின்று விதிகளை உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். படிக்காதவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

போய்ச் சேர்ந்தது. பொன்னுத்தாயிக்கு.

அவள் அடிவாரத்து ஊர்க்காரி. நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள் ஆயி, அமராவதிபுதூரில் வாக்கப்பட்டிருந்தாள். பொன்னுத்தாயி மலையில் சுள்ளி பொறுக்கி விற்பாள். முகூர்த்த நாட்களில் இன்னொரு வேலையும் உண்டு. மூன்று பேராக வருகிற குடும்பத்தோடு நாலாவது ஆளாக ஏறி இறங்குவாள். “கல்லுன்னா நீங்க சொமக்கணும் ஆச்சி. நான்னா ஒங்க பையையும் சேத்துச் சொமப்பேன்” என்பாள். பேரம் அதோடு முடிந்துவிடும். என் கேட்டைக் கடக்கும்போது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பதினாறு விதியையும் ராகம் போட்டு ஒப்பிப்பாள். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பது போல நிற்பேன்.

“ஒரே ஒரு சந்தேகம் கார்டையா” என்று ஒருநாள் கேட்டாள். “பதினொண்ணாவது விதியில, கால் பெசகுனா இருந்த எடத்துலயே இரு, கார்டு வருவாருன்னு போட்டிருக்கீகளே. நீங்க மெய்யாலும் வருவீகளா? இல்ல எனக்கும் ஒரு பத்தி கிழிச்சுட்டுப் படுத்துருவீகளா?”

“வருவேன்” என்றேன்.

இனி 1971 பிப்ரவரி. பதினெட்டாம் தேதி பலகையில் 3000 வரும். அதை நான் மூன்று மாதம் முன்பே ரேஞ்சர் காதில் போட்டு, ரேஞ்சர் மேலே போட்டு, அன்று காலை ஒன்பது மணிக்கு மேலதிகாரி வந்து அந்த எண்ணைத் தம் கையாலேயே எழுதுவதாக ஏற்பாடு. ஒரு பாராட்டுக் காகிதமும் உண்டு என்றார்கள். நான் சுண்ணாம்புக்கட்டியில் புதுப்பெட்டி ஒன்று வாங்கி வைத்தேன்.

ஒரே ஒரு வேலை பாக்கி. தீக்கோடு. கோடை வருவதற்கு முன் மலையின் இடுப்பைச் சுற்றி இருபதடி அகலத்துக்குப் புல்லை அறுத்து, நாமே கொளுத்திக் கரியாக்கிவிடுவோம். பிறகு எங்காவது தீப்பிடித்தால் அந்தக் கோட்டைத் தாண்டாது. அதிகாரி வரும்போது கோடு சுத்தமாக, புகையில்லாமல் ஆறிக் கிடக்க வேண்டும் என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். அறுப்புக்காரர்கள் தாமதம் செய்ததில் பதினேழாம் தேதி மத்தியானம்தான் புல் தயாராயிற்று. விடியற்காலையில் பனி ஈரத்தோடு கொளுத்துவதுதான் முறை. மூன்று மணிக்கு மேல் காற்று மலை ஏறும். என் பதினாலாவது விதி சொல்கிறது: ‘தீ மேல்நோக்கி ஓடும். மேலே இருப்பவர் அதைவிட வேகமாக ஓட முடியாது.’ நல்ல வாக்கியம். நானே எழுதியது.

அன்று மலையில் ஒரே ஒரு கூட்டம்தான். கண்டனூர் தேனப்பன் செட்டியார், அவர் மனைவி நாகம்மை ஆச்சி, ஆச்சியின் தம்பி முத்தப்பன். அவர்கள் இருப்பது மெட்ராஸில். மூத்த மகள் கல்யாணத்துக்காகக் கண்டனூர் வீட்டைத் திறந்திருந்தார்கள். மூன்று பேர் என்பதால் பொன்னுத்தாயி சேர்ந்துகொண்டாள். ஏறியவர் 4, கல் இல்லை என்று எழுதினேன்.

மூன்றேகாலுக்கு மூன்று பேர் இறங்கி வந்தார்கள்.

“கார்டு, அந்தப் பொன்னுத்தாயிக்குக் கால் பெசகிருச்சு” என்றார் நாகம்மை ஆச்சி. “சுனைக்குக் கீழ பெரிய பாறை இருக்குல்ல, அங்கதான் உக்காந்திருக்கு. கணுக்கால் வீங்கிப் போச்சு. நாங்க புடிச்சுக் கூட்டியாரோம்னோம். கேக்கல. பதினொண்ணாவது விதியாம்ல? ‘நீங்க நல்ல காரியத்துக்கு வந்தவுக, கெளம்புங்க, கார்டையா வருவாரு’ன்னு சொல்லிருச்சு. நாங்க மூணா எறங்கப்படாதுன்னு அதுவே ஒரு கல்லத் தேடி எடுத்து என் பையில போட்டு விட்டுச்சு.”

ஆச்சி பையிலிருந்து அந்தக் கல்லை எடுத்து என் மேசைமேல் வைத்தார். முட்டை அளவு. ஒரு பக்கம் சிவப்பு.

“நான் பாத்துக்கிறேன் ஆச்சி” என்றேன்.

“சீக்கிரம் போங்க. தண்ணி குடுத்துட்டுத்தான் வந்தோம்.”

கார் போய்விட்டது. நான் அவர்களுடைய தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அதுவரை அப்படி ஒருமுறையும் மறந்ததில்லை.

நான் உட்கார்ந்து யோசித்தேன். பாறைக்கு ஏற நாற்பது நிமிஷம். அவளைத் தூக்கி இறக்க இரண்டு ஆளும் இரண்டு மணி நேரமும் வேண்டும். இருட்டிவிடும், கோடு எரியாது. காலையில் எரித்தால் அதிகாரி புகைக்குள் வந்து நிற்பார். இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். இவற்றை நான் அப்போதே தள்ளிவிட்டேன். மிச்சம் ஒன்றுதான். கால் பிசகியவரைத் தூக்கி இறக்கினால் அதை விபத்து என்று எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதாமல் விட்டுவிடலாம். என் நோட்டில் அப்படி ஒரு பழக்கம் கிடையாது. எழுதினால் மறுநாள் பலகையில் 1.

பிறகு நோட்டைப் பார்த்தேன். இறங்கியவர் மூன்று, கல் ஒன்று. ஆக நாலு. ஏறியதும் நாலு. கணக்கு ஒத்துத்தான் வந்தது. ஏறும் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் போதும். நான் எண்ணைச் சுரண்டவில்லை, தாளைக் கிழிக்கவில்லை. இலாகா முறைப்படி 4 என்பதை ஒரே கோட்டால் அடித்து, மேலே 3 என்று எழுதி, கல் பத்தியில் 1 போட்டு, சுருக்கொப்பமும் நேரமும் இட்டேன். மணி 3.35. அந்த நேரத்தைத்தானே நீங்கள் நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். கொளுத்தியது 4.10. நான் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். மூன்று வருஷம் அந்தத் திருத்தத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரு பதிவேட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வதில் உள்ள பெரிய வசதி அதுதான்.

தீ வைப்பதற்கு முன்பு எண்ணிக்கையை உரக்க வாசிக்க வேண்டும் என்பதும் நான் போட்ட விதி. வாட்சர் பெத்தன் காலையிலிருந்து வடக்குப் பக்கம் அறுப்பில் இருந்தான். யார் ஏறினார்கள் என்று அவனுக்குத் தெரியாது. வாசித்தேன்: “ஏறுனது மூணு, கல்லு ஒண்ணு. எறங்குனது மூணு, கல்லு ஒண்ணு.”

“சரிங்கய்யா” என்றான் பெத்தன்.

இலாகா தீப்பெட்டியால்தான் கொளுத்தினேன். டின்னில் செட்டியாரின் தீப்பெட்டி இருந்தது. ஆனால் பார்வையாளர்களின் பொருளை அரசாங்க வேலைக்குப் பயன்படுத்துவது முறையல்ல.

கோடு மட்டும் எரிந்து அணைந்துவிடும், அவள் அதற்கு நெடுந்தூரம் மேலே இருக்கிறாள், இருட்டிய பிறகு நானும் ஒரு லாந்தரும் போய் யாருக்கும் தெரியாமல் இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன் என்று மூன்று வருஷமாக எனக்கே சொல்லி வருகிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரிந்தவன் இப்படி நினைக்க முடியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

நாலரைக்குத் தீ கோட்டைத் தாண்டி மேலே போயிற்று. பெத்தன் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தான். “அய்யா, மேல ஏதோ சத்தம் கேக்குதே.”

“மயிலா இருக்கும்” என்றேன்.

மாசி மாதத்தில் மயில் அவ்வளவாக அகவாது. அதைப் பற்றி நூலகத்தில் ஒரு புத்தகமே படித்திருக்கிறேன். மயில் ‘கார்டையா’ என்று கூப்பிடாது என்பது புத்தகம் படிக்காமலே தெரியும். பெத்தனுக்கு என் அளவுக்குக் காது கூர்மை இல்லை. சற்று நேரத்தில் சத்தமும் நின்றுவிட்டது.

மறுநாள் மேலதிகாரி வந்தார். தீ கொஞ்சம் மேலே ஏறிவிட்டதைப் பார்த்து, “ஆள் சேதம் இல்லையே?” என்றார். நோட்டைக் காட்டினேன். கல் பத்தியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு 3000 எழுதினார். கையெழுத்து அவ்வளவு நன்றாக இல்லை. அவர் போன பிறகு நான் அதே எண்ணை அழித்துத் திருத்தமாக எழுதினேன்.

சாயங்காலம் தனியாக மேலே போனேன். அவள் பாறையின் கிழக்குப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பத்தடி தள்ளி, இரண்டு பாறைகளுக்கு இடையில், புல்லே இல்லாத ஒரு வெட்டவெளி உண்டு. தவழ்ந்து போயிருந்தால்கூடப் பிழைத்திருப்பாள். அவள் நகரவில்லை. அந்த விதியை நான் அவ்வளவு அழுத்தமாக எழுதியிருக்க வேண்டாம். அடுத்த பதிப்பில் ‘ஆபத்து நேர்ந்தால் நகரலாம்’ என்று சேர்த்துவிட்டேன்.

அங்கேயே குழி தோண்ட மண் இல்லை. கற்களைப் போட்டு மூடினேன். இடுப்பளவு உயரம் வந்தது. பத்து நாள் கழித்து மகள் ஆயி அமராவதிபுதூரிலிருந்து வந்து, “எங்காத்தா எங்கய்யா?” என்று கேட்டாள். “மலைக்கு வரல. நோட்டப் பாரு” என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானே விரலை வைத்துக் காட்டினேன். நோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கற்குவியலை என்னவென்று தெரியாமல், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கல் போட ஆரம்பித்தார்கள். சிலர் மஞ்சள் வைத்தார்கள். குவியல் சரிந்து யார் காலிலாவது விழுந்துவிடும் என்று ‘இங்கே கற்களைப் போடாதீர்’ என்று ஒரு பலகை வைத்தேன். யாரும் கேட்கவில்லை. செருப்பு விஷயம் போலத்தான்.

போன வாரம் நாகம்மை ஆச்சி வந்தார். இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். மறுபடியும் அதே மூன்று பேர்.

“எங்க நம்ம பொன்னுத்தாயி?” என்று கேட்டார். “அது கூட வந்த ராசி, மூத்தவ நல்லா இருக்கா. இன்னைக்கும் அதையே கூட்டிட்டுப் போவோம்.”

நான் பதில் சொல்வதற்கு முன்பு பெத்தன் சொல்லிவிட்டான். “அது காணாமப் போயி மூணு வருசமாச்சே ஆச்சி.”

“காணாமப் போச்சா? கால் பெசகி மேல உக்காந்திருந்துச்சே. கார்டு போயிக் கூட்டியாரலையா?”

பெத்தன் என்னைப் பார்த்தான். ஆச்சி மேசையைப் பார்த்தார். நோட்டின் மேல் அந்தக் கல் இருந்தது. காற்றில் தாள் பறக்கிறது என்று மூன்று வருஷமாக வைத்திருந்தேன். ஆச்சி கல்லை எடுத்துச் சிவப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “இது அது குடுத்த கல்லுல்ல?” என்றார். பிறகு அவர் கேட்டபடி பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை அவர் வெகுநேரம் பார்த்தார்.

“ஏறும்போது நாங்க கல்லு எடுத்துட்டுப் போகலையே கார்டு.”

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. அன்று அவர்கள் மலை ஏறவில்லை. போகும்போது செருப்பைக் கழற்றி மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

மீதி உங்களுக்குத் தெரியும். பெத்தன் அந்தக் குவியலைப் பிரித்துக் கற்களை எடுத்த இடத்தையும் பார்த்துவிட்டீர்கள். இந்த வாக்குமூலத்தில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. இருந்தால் சுருக்கொப்பம் இட்டிருப்பேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். இன்று காலை நீங்கள் என்னை ஜீப்பில் ஏற்றும்போது உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் பலகையை அழிக்கப் போனார். நான் தடுத்தேன், அவருக்குக் கோபம் வந்தது. பலகையில் இருக்கும் எண் 4208. நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஐயா. யாரும் எதிர்பாராமல் நடப்பதற்குப் பெயர்தான் விபத்து. பிப்ரவரி பதினேழாம் தேதி என் மலையில் விபத்து எதுவும் நடக்கவில்லை. பெத்தனுக்கு எழுத வராது. வேறு யாரையாவது விட்டு நாளைக் காலையில் 4209 என்று எழுதச் சொல்லுங்கள்.